மயில்விரட்டி

கல்யாணமான முதல் வருஷம், உளுந்துக் காட்டில் களையெடுத்துவிட்டு நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள் சீனியம்மாள். அவள் புருஷன் பவுன்ராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரம் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அதன் பின்னால் பட்டையான தகடு ஒன்றை வெல்டு வைத்து, நின்றபடியே உருட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு களைவெட்டி செய்துகொண்டு வந்தான். கைப்பிடி சரியாக அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

"கடையில விக்கிறதை விட இது லேசா இருக்கே மாமா."

"கடைக்காரனுக்கு உன் உயரம் தெரியாதுல்லா."

அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்றாவது செய்தான். குனியாமல் விதை போட, மேலே புனலும் கீழே கூர்வாயும் வைத்த பிளாஸ்டிக் குழாய். மக்காச்சோளம் உதிர்க்க, உட்பக்கம் பல் வைத்த இரும்பு வளையம். ஓடைக்கரைப்பட்டியில் பாதிப் பேர் வீட்டில் அவன் செய்த சாமான் ஏதாவது ஒன்று கிடந்தது. யாருக்குச் செய்து கொடுத்தாலும் முதல் சாமானை சீனியம்மாள் கையில் கொடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் செய்வான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய வேலை எதைக் குறைக்கலாம் என்று யோசிப்பதுதான் அவன் பொழுதுபோக்கு.

அவனால் குறைக்க முடியாத வேலை ஒன்று இருந்தது. மயில் விரட்டுவது.

ஊருக்கு மேற்கே முள் அடர்ந்த ஓடைமரக் காடு. அங்கிருந்து மயில்கள் கூட்டமாக இறங்கும். விதை போட்டால் விதையைக் கிளறும், முளைத்தால் முளையைக் கொத்தும், மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது கதிரை உரித்து உரித்துப் போடும். அடிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, சட்டம். தகர டப்பா கட்டிப் பார்த்தார்கள். மினுங்குகிற நாடா கட்டினார்கள். வெடி போட்டார்கள். எல்லாம் ரெண்டு நாள்தான். மூன்றாம் நாள் வைக்கோல் பொம்மையின் தலைமேல் மயில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

பவுன்ராஜின் குரலுக்கு மட்டும் அவை பயந்தன. அவனுக்கு அப்படி ஒரு குரல். ஊரின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஆடு தலையைத் தூக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை மக்காச்சோளக் காட்டில் நின்று கத்துவான். அவன் இல்லாத நாளில் சீனியம்மாள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி ஓடி விரட்டுவாள்.

அவனுக்குத் தொண்டை கட்டியது. ஒரு பருவம் முடிந்தும் சரியாகவில்லை. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று மிளகும் கருப்பட்டியும் தின்றான். மதுரைக்குப் போனபோது, தொண்டைக்குள் வளர்ந்திருப்பது வேறு என்று டாக்டர் சொன்னார். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச முடியாது.

"கத்துனதுனால வந்துச்சா டாக்டர்?" என்று சீனியம்மாள் கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா."

அவள் அதை நம்பவில்லை. கடைசிவரை நம்பவில்லை.

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாளே பவுன்ராஜ் விளாத்திகுளத்துக்கு பஸ் ஏறினான். பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ரோஸ்லின் அவனுடைய கூட்டாளி. அவனுக்கு இரும்பு தெரியும், அவளுக்கு மின்சாரம் தெரியும். இருவரும் சேர்ந்து இதற்கு முன்னால் பம்புசெட்டை போனிலிருந்தே நிறுத்தும் சுவிட்ச் ஒன்று செய்திருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் ரோஸ்லின் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டாள். அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அழுறதை அப்புறம் பாத்துக்கிடலாம் தாயி. குரலு இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். அது வீணாப் போகக்கூடாது. ஒரு பொட்டி செய்யணும். காட்டுல நின்னு கத்தணும்."

"பதிஞ்சு வச்சுப் போட்டா ரெண்டு நாள்ல மயிலு பழகிருமே அண்ணே."

"அதான் உங்கிட்ட வந்தேன். நான் கத்துனா ஏன் பழகல? நான் ஒரே மாதிரியா கத்துதேன்? வைவேன், சிரிப்பேன், பாட்டாப் படிப்பேன். அடுத்து என்ன வரும்னு அதுக்குத் தெரியாது."

ரோஸ்லின் மேசையில் கிடந்த பழைய போன் ஒன்றை எடுத்தாள். "அப்ப பொட்டியும் அப்படித்தான் இருக்கணும். ஒரு ஆளு பேசுறதைக் கேட்டுக் கேட்டு, அவரு சொல்லாததைக்கூட அவரு மாதிரியே பேசுற புரோகிராம் இருக்கு. அதைப் பழைய போன் ஒண்ணுல ஏத்துவோம். போன் கேமரா காட்டைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். மயிலு எறங்கினா ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிப் பாக்கும். பறந்துட்டா, அது நல்ல சொல்லு. பறக்கலன்னா வேற சொல்லும். அப்படியே அதுவாப் படிச்சுக்கிடும்."

"எதைச் சொல்லணும், எப்பச் சொல்லணும்னு நாம சொல்லிக் குடுக்க வேண்டாமா?"

"வேண்டாம். மயிலு போகணும், அது ஒண்ணைத்தான் சொல்லிக் குடுக்கணும். மத்ததை அதுவே கண்டுபிடிச்சுக்கிடும்."

"நல்ல வேலைக்காரன்தான்," என்று பவுன்ராஜ் கரகரத்த குரலில் சிரித்தான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற புனல் ஸ்பீக்கர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினான். மோட்டார் சைக்கிள் பேட்டரி, ஒரு சோலார் தகடு, மழை படாமல் இருக்க மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கூடு. எல்லாவற்றையும் ஒரு இரும்புக் கம்பத்தில் ஏற்றினான். மயில் பறந்துவிட்டது என்று பெட்டி குறித்துக்கொள்ளும்போதெல்லாம் எரிய ஒரு பச்சை விளக்கும் வைத்தான், வேலை செய்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டுமாம்.

ஆபரேஷன் வரைக்கும் இருந்த நாட்களில் காட்டிலேயே கிடந்து அந்தப் போனிடம் பேசினான். கத்தினான், வைதான், ஆட்டைக் கூப்பிட்டான், பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப்பெயர்களைச் சொன்னான். எவ்வளவு பேசுகிறானோ அவ்வளவு நல்லது என்று ரோஸ்லின் சொல்லியிருந்தாள். சீனியம்மாள் சோறு கொண்டுபோகும்போதும் போன் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"சீனி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன்."

"அடுப்புல உலை கெடக்கு மாமா."

"கெடக்கட்டும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை. எதைப் பேசினாலும் அது கடைசியாகப் பேசுவதாகிவிடும் என்று இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதில் சிறு குழாய். மூச்சு அந்த வழியாகத்தான். காற்று வறண்டு அடித்தால் குழாய்க்குள் சளி காய்ந்து அடைத்துக்கொள்ளும், உடனே கழற்றிக் கழுவ வேண்டும் என்று நர்ஸ் சீனியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பேசுவதற்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். தாடைக்குக் கீழே வைத்தால் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அதைத் துணியில் சுற்றிவிட்டான். கட்டில் சட்டத்தில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தினான். சீனியம்மாள் வேண்டும் என்றால் அதை அடிப்பான். ஏதாவது விவரமாகச் சொல்ல வேண்டுமானால் போனில் எழுத்து எழுத்தாகத் தட்டிக் காட்டுவான்.

ரோஸ்லின் ஒருநாள் வந்து, பெட்டியில் இருக்கிற குரலை அவனுடைய போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். "நீங்க எழுதுங்க அண்ணே, அது உங்க குரல்லயே சொல்லும்."

அவன் யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினான். "சீனி, தண்ணி கொண்டா," என்றது போன், பழைய கணீரென்ற குரலில். அவன் உதடு அசையவில்லை. சீனியம்மாள் தண்ணீர்ச் செம்போடு அவனைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். செம்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவள் மாதிரி நின்றாள். அவன் தலையை ஆட்டி, எடுத்துவிடு என்று ரோஸ்லினுக்குச் சைகை காட்டினான். பிறகு போனில் எழுதிக் காட்டினான்: அது காட்டுக்குக் கொடுத்தது. அங்கேயே இருக்கட்டும்.

காட்டில் பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. வீட்டுக்கும் காட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். நாள் முழுக்க அவன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஏ ஓடு! எவன் வீட்டுக் கதிருன்னு நெனைச்ச!" என்று ஒரு தரம். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு பெரிய சிரிப்பு. மயில்கள் தோகையை இழுத்துக்கொண்டு எழும்பிப் பறக்கும். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் கெங்கையா தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

"ஆளு ஊமையாயிட்டாலும் சத்தம் கொறையலயேப்பா," என்று அவர் சிரித்தார். பவுன்ராஜும் சிரித்தான், சத்தமில்லாமல்.

சீனியம்மாளுக்கு அந்தப் பருவத்தில் காட்டு வேலை பாதியாகக் குறைந்தது. வீட்டிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அவன் நினைத்தது அதுதான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது.

"சீனி... ஏ சீனி..."

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டால் காட்டிலிருந்து அவன் கூப்பிடுகிற அதே இழுப்பு. ஈரக் கையோடு அவள் ஓடினாள். பாதி தூரம் போனபிறகுதான், அவன் வீட்டுக்குள் கட்டிலில் இருக்கிறான் என்பது நினைவு வந்தது. வந்தது வந்தாயிற்று என்று காடுவரை போனாள். அவள் தலை தெரிந்ததும் மயில்கள் எழும்பிப் போயின. பெட்டி பேசவில்லை. கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

மறுநாளும் கூப்பிட்டது. அதற்கு அடுத்த நாள் காலையிலும் மாலையிலும். முதலில் பெயர் மட்டும். பிறகு "சீனி, இங்க வாயேன்." பிறகு, கல்யாணமான புதிதில் அவள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவன் கூப்பிடுவானே, அடிக்குரலில், பாதி கெஞ்சலாக, அந்த மாதிரி. அப்படி ஒரு குரலை அவன் போனிடம் பேசியிருக்கவே மாட்டான். பெட்டியே அதைக் கண்டுபிடித்திருந்தது.

கூப்பிட்டால் அவள் போனாள். கதிர் பால் பிடிக்கிற நேரம், மயில் இறங்கியிருக்கும், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். அது பொய்யும் இல்லை. போகும்போதெல்லாம் மயில் இருந்தது. ஆனால் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிவிட்டுப் போவதை பவுன்ராஜ் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அவள் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்திப் போனைக் காட்டினான். போகாதே. அது நான் இல்லை.

"தெரியாதா மாமா எனக்கு?" என்றாள். அவன் கையை மெதுவாக விலக்கினாள். "மயில வெரட்டிட்டு இந்தா வந்துருதேன்."

அவள் போனபின் அவன் வெகு நேரம் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு ஒரே ஒரு சத்தம்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும், நீ இங்கே இரு என்றாலும் அதே சத்தம்தான்.

மறுநாள் அவளுக்கு முன்னால் அவனே காட்டுக்குப் போனான். கையில் ஸ்பேனர் இருந்தது. கெங்கையா தன் காட்டிலிருந்து அவனைப் பார்த்தார். பவுன்ராஜ் கம்பத்தடிக்குப் போனான். மயில்கள் பறந்தன. பச்சை விளக்கு எரிந்தது. அவன் பேட்டரி ஒயரைப் பிடித்தான். அப்புறம் ஒயரை விட்டுவிட்டுக் கம்பத்தில் நெற்றியை வைத்து நின்றான்.

"என்னப்பா, ரிப்பேரா?" என்று கெங்கையா கேட்டார்.

இல்லை என்று கையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். தன் குரலைத் தானே நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை. அதை வைத்துத்தான் இந்த வருஷம் வெள்ளாமை என்பதும் உண்மை.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வாடைக்காற்று வறண்டு அடித்தது. உதடு வெடிக்கிற காற்று. காலையில் சீனியம்மாள் அவன் குழாயைக் கழற்றிக் கழுவிப் போட்டாள். மத்தியானம் சோறு போட்டாள். அவன் கண் மூடியிருந்தான். காட்டிலிருந்து குரல் கூப்பிட்டது. போனாள்.

அன்றைக்குப் பெட்டி புதிதாக ஒன்று சொன்னது.

"சீனி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன்."

அவள் கம்பத்தடியில் உட்கார்ந்தாள். சோளத்தட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தபோது பெட்டி மறுபடி, "கெடக்கட்டும். உக்காரு," என்றது. உட்கார்ந்தாள்.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது பவுன்ராஜ் வாசற்படியில் குப்புறக் கிடந்தான். கட்டிலிலிருந்து மணியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வர முயன்றிருக்கிறான். அவனைப் புரட்டிக் குழாயைக் கழற்றினாள். உள்ளே சளி மரப்பட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. கழுத்துத் துளையில் வாயை வைத்து உறிஞ்சினாள், ஊதினாள், நெஞ்சில் குத்தினாள். அவளுடைய கத்தல் கேட்டு ஆட்கள் வந்தபோது உடம்பு ஆறத் தொடங்கியிருந்தது.

மணிச்சத்தம் கேட்டதா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது காட்டுப் பக்கமிருந்து கணீரென்று குரல் வந்தது. "சீனி... ஏ சீனி... இங்க வாயேன்." அழுகை சட்டென்று நின்றது. சிறு பிள்ளைகள் தாய்களைக் கட்டிக்கொண்டன. பாடையருகே உட்கார்ந்திருந்த சீனியம்மாள் முழங்காலை ஊன்றி எழப் போனாள். இரண்டு பெண்கள் அவளை அமுக்கிப் பிடித்தார்கள். கெங்கையா காட்டுக்கு ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அவளே போய் அந்த ஒயரைச் சொருகினாள்.

ரோஸ்லின் வந்தது அதற்குப் பிறகுதான். சாவுக்கு வந்தவள் மறுபடி வர நாள் கணக்காகத் தயங்கினாள். சீனியம்மாள் மெலிந்திருந்தாள். பாதத்தில் வெடிப்பும் முள் கிழித்த கீறலுமாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே காட்டிலிருந்து குரல் வந்தது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எழுந்தாள்.

"இந்தா வந்துருதேன் ரோஸ்லின்."

"இப்படித்தான் தெனமும் போறீங்களா?"

"கூப்பிடுதுல்லா."

வெயில் பொசுக்கியது. ரோஸ்லினும் பின்னாலேயே போனாள். அவர்கள் வருவதைப் பார்த்து மயில்கள் பறந்தன. பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு திரும்பினார்கள். ரோஸ்லின் செருப்பைக் கழற்றுமுன் மறுபடி குரல். சீனியம்மாள் மறுபடி கிளம்பினாள்.

"நீங்க இருங்கக்கா, நான் பாத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் போய், கேமராவுக்குத் தெரியாமல் கம்பத்துக்குப் பின்னால் வேலியோரம் உட்கார்ந்தாள். மயில்கள் கதிர்களை உரித்துக்கொண்டிருந்தன. "சீனி" என்றது பெட்டி. மயில்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சீனி, வாயேன்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, இன்னும் தணிந்த குரலில், இன்னும் கெஞ்சலாக. மயிலை விரட்டுகிற குரலே இல்லை அது. வீட்டுப் பக்கமிருந்து சீனியம்மாள் தாங்கமாட்டாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் வரப்பில் ஏறியதும் மயில்கள் எழும்பின. பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி வாயை மூடிக்கொண்டது.

ரோஸ்லின் வேலியோரத்திலிருந்து எழுந்து வந்தாள்.

சீனியம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, இனி அது கூப்பிட்டாப் போகாதீங்க."

"ஏன்?"

"அது உங்களைத் தேடிக் கூப்பிடல. மயிலு போகணும்னு மட்டுந்தான் நான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். என்னென்னமோ பேசிப் பாக்கும்போது என்னைக்கோ ஒருநாள் உங்க பேரு வந்துருக்கு. நீங்க ஓடுனீங்க. உங்களைப் பாத்து மயிலு பறந்துச்சு. நீங்க வந்ததுனாலன்னு அதுக்குத் தெரியாது. அந்தப் பேரைச் சொன்னதுனால போச்சுன்னு எடுத்துக்கிடுச்சு. எப்படிக் கூப்பிட்டா நீங்க வாரீங்களோ அப்படியெல்லாம் கூப்பிடப் படிச்சிருக்கு. சத்தத்துக்கு மயிலு என்னைக்கோ பழகிருச்சுக்கா. இப்ப வெரட்டுறது நீங்கதான்."

சீனியம்மாள் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அங்க உக்காந்தா?"

"நீங்க இருக்க இருக்க மயிலு வராது. அதுக்கு அது இன்னும் நல்லது."

"அப்ப, உக்காந்துட்டுப் போன்னு சொன்னது..."

ரோஸ்லின் அழ ஆரம்பித்தாள். "தப்பு என்னோடதுக்கா. நான் யோசிச்சிருக்கணும். இப்பவே போய் நிறுத்திருதேன். ஒரு நிமிஷ வேலை."

"நிறுத்த வேண்டாம்."

"அக்கா..."

"அவுகளே அதை நிறுத்தப் போயிட்டு முடியாம வந்தாக. கெங்கையா அண்ணன் சொன்னாரு." அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் போகாம இருந்தா என்ன ஆகும்?"

"கூப்பிட்டும் மயிலு போகலன்னு தெரிஞ்சுக்கிடும். கொஞ்சங் கொஞ்சமா உங்க பேரைச் சொல்றதை விட்டுரும். வேற எதையாச்சும் சொல்லிப் பாக்கும். ஆனா அதுக்குள்ள கதிரு பூரா போயிருமேக்கா."

"போகட்டும்."

முதல் நாட்களில் பெட்டி அதிகமாகக் கூப்பிட்டது. அவள் போகாமல் இருக்க இருக்க வேறு வேறு விதமாகக் கூப்பிட்டது. கெஞ்சியது. கோபப்பட்டது. ஒரு காலையில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில நேரம் இரண்டு கையாலும் காதைப் பொத்துவாள், உடனே எடுத்துவிடுவாள். பொத்திய நேரத்தில் ஏதாவது சொல்லியிருக்குமோ என்று இருக்கும்.

"ஏ ஆத்தா, மயிலு காட்டை அழிக்குது, வந்து பாரேன்!" என்று கெங்கையா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"பாத்துக்கிடுதேன் அண்ணே," என்பாள். போகமாட்டாள்.

அவள் பெயரைச் சொல்வது குறைந்தது. நடுநடுவே ஆட்டைக் கூப்பிட்டது, ஊர்ப்பெயர்களைச் சொன்னது. பிறகு நாளுக்கு இரண்டொரு தரம் மட்டும் "சீனி" என்றது, அதுவும் எதையோ யோசித்துக்கொண்டிருப்பவன் சொல்கிற மாதிரி. அவள் அதற்காகக் காத்திருந்தாள். வேலை செய்கிற கையை நிறுத்திக் கேட்பாள். கேட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

மார்கழியில் ஒருநாள் மிளகாய் வற்றலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், அது கூப்பிட்டு நாளாகிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. நேற்று கூப்பிட்டதா? முந்தாநாளா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். எது கடைசி என்று தெரியவில்லை. கடைசியாகக் கூப்பிட்டபோது அது கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருப்பாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கை முழுக்க மிளகாய் நெடி. கண்ணைத் துடைக்க முடியாமல் அப்படியே அழுதாள்.

பொங்கலுக்கு முன்னால், மிஞ்சிய கதிரை ஒடிக்கக் காட்டுக்குப் போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு போகிறாள். பெட்டி அப்போது என்னமோ பழைய வசவைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் வரப்பில் ஏறியதும் மயில்கள் எழும்பிப் பறந்தன. பச்சை விளக்கு எரிந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரு சாக்குகூட நிறையவில்லை. தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து காட்டில் அவன் குரல் ஓங்கி ஒலித்தது.

"ஓடு கழுதை! ஓடு!"

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே. "ஓடு கழுதை! ஓடு!" கத்தலாக, பாட்டாக, கெஞ்சலாகக்கூட. நேற்று அவள் காட்டுக்குப் போனபோது அது சொல்லிக்கொண்டிருந்த வசவு அதுதான், மயில் பறந்தது அதனால்தான் என்று பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது என்று சீனியம்மாளுக்கு விளங்கியது. சிரிப்பு வந்துவிட்டது. அவன் போனபிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். கெங்கையாவின் பெண்சாதி எட்டிப் பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சீனியம்மாளுக்கே தெரியவில்லை.

"ஓடு கழுதை!" என்று கெஞ்சிக் கூப்பிட்டது குரல்.

அவள் எழுந்து போகவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து மிஞ்சின கதிர்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே, கேட்டுக்கொண்டிருந்தாள்.